கழுவிக்கொண்டு போன வயிறு

பதினோரு பேருக்கும் சேர்த்து மெஷின்காரன் தர வேண்டியிருந்தது நாலாயிரத்து நானூறு. ஆளுக்கு நானூறு. வட்டி கிடையாது, கெடு கிடையாது, வாசலில் வந்து நின்று கேட்கிற ஆளும் கிடையாது. அதனால்தான் அது தொண்டையில் மாட்டின முள் மாதிரி உள்ளே இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

கட்டட வேலைக்குப் போகிற அந்தக் கூட்டத்தில் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு வந்தால், சனிக்கிழமை கூலி கொடுக்கிற நேரத்தில் மேஸ்திரி ஒரு கலவைச் சட்டியை நடுவில் நிமிர்த்தி வைப்பார். எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று போட்டுவிட்டுப் போவார்கள். வாங்கினவன் முடிந்தபோது முடிந்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மெஷின்காரன் அந்தச் சட்டியில் எத்தனையோ முறை போட்டிருக்கிறான். தனக்காக அது வைக்கப்பட்டபோது, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கலவை மெஷினை ஓட்டுகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். வயது நாற்பத்தாறு. முதுகுவலிக்கு மாத்திரை, அதன் மேல் ஒரு டீ, அதன் மேல் வேலை என்று பல வருஷம் ஓட்டிவிட்டான். போன வருஷத்திலிருந்து நெஞ்சுக்குக் கீழே தணல் அள்ளி வைத்த மாதிரி எரிந்தது. டாக்டரிடம் போனான். வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தான். டாக்டர் நாற்காலியை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளினார். மேசையில் பேனாவைத் தேடத்தான் தள்ளினாரோ என்னவோ, ஆனால் அந்த ஒரு சாண் அவன் மனசில் சிமெண்ட் மாதிரி உறைந்துவிட்டது.

"குழாய் விட்டுப் பார்த்திரலாம். எண்டோஸ்கோப்பி" என்றார் டாக்டர்.

வெளியே நர்ஸ் விவரம் சொன்னாள். சிரித்த முகம், வேகமான வாய்.

"முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குள்ள லேசா சாப்பிட்டுருங்க. எண்ணெய், காரம், கறி எதுவும் வேணாம். அதுக்கப்புறம் ஒண்ணும் கூடாது. காலைல வெறும் தண்ணி ரெண்டு வாய் குடிக்கலாம், அதுவும் ஆறு மணிக்கு முன்னாடி. டீ, காபி, பால் கூடாது. பீடி பிடிப்பீங்களா?"

"இல்ல சிஸ்டர்."

"நல்லது. காலி வயித்தோட ஒன்பது மணிக்கு வந்துருங்க."

அவன் நகரவில்லை. "சிஸ்டர், அந்தக் கேமரா போனா உள்ள இருக்கிறதெல்லாம் தெரியுமா?"

"தெரியத்தானே விடறோம்."

"சாப்பிட்டது, குடிச்சது எல்லாம்?"

"அதெல்லாம் ராத்திரியே இறங்கிப் போயிரும். அதுக்குத்தான் காலியா வரச் சொல்றது."

காலி என்றால் என்னவென்று அவனுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் காலி டிரம்மைப் பற்றி அந்த நர்ஸுக்கு என்ன தெரியும்? கடைசிக் கலவையைக் கொட்டிவிட்டு அப்படியே விட்ட டிரம்மும் காலிதான். மறுநாள் எட்டிப் பார்த்தால் சுவரெல்லாம் பொருக்குத் தட்டி, சொரி பிடித்த நாய் முதுகு மாதிரி இருக்கும். எஞ்சினியர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் மானம் போகும். அதற்காகத்தான் சாயங்காலம் இரண்டு சட்டி ஜல்லியும் நாலு வாளி தண்ணீரும் போட்டுச் சும்மா சுற்றவிடுவான். ஜல்லி உருண்டு உருண்டு சுவரைச் சுரண்டும். பிறகு டிரம்மின் வாயைச் சாய்த்துக் கொட்டிவிட்டால் உள்ளே கையால் தடவிப் பார்க்கலாம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவன் டிரம் மாதிரி சுத்தமான டிரம் கிடையாது என்று மேஸ்திரியே வெளி ஆட்களிடம் சொல்லியிருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மேல்தளம் போடுகிற வேலை வந்து விழுந்தது. ஆரம்பித்தால் நிறுத்த முடியாத வேலை. முடிந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டின் சொந்தக்காரர் எல்லோருக்கும் கறியும் சோறும் வரவழைத்திருந்தார். குழம்பில் சிவப்பு எண்ணெய் ஒரு விரல் கனத்துக்கு மிதந்தது. பசி கண்ணை மறைத்தது. எட்டு மணிக்கு முன்னால்தானே என்று மெஷின்காரனும் உட்கார்ந்துவிட்டான். இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டான். கை கழுவும்போதுதான் நர்ஸ் சொன்னது உறைத்தது. சோப்பு போட்டுத் தேய்த்தும் விரலிடுக்கில் எண்ணெய் போகவில்லை. கையிலேயே இப்படி என்றால் உள்ளே எப்படி ஒட்டியிருக்கும்?

அந்த யோசனை அவனைத் தூங்கவிடவில்லை. விடிகிற நேரத்தில் மனைவி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்து சமையல் மூலைக்குப் போனான். டப்பாவில் வறுத்த கடலை இருந்தது. தோல் உரிக்காத முழுக் கடலை. ஒரு பெரிய கைப்பிடி அள்ளினான். மாவாகிவிட்டால் சுரண்டாது என்று ஒன்றிரண்டாகவே கடித்து விழுங்கினான். பிறகு பெரிய சொம்பு நிறையத் தண்ணீர். மடக் மடக்கென்று குடித்து முடித்து, தரையில் படுத்து இந்தப் பக்கம் இரண்டு புரளல், அந்தப் பக்கம் இரண்டு புரளல் புரண்டான். உள்ளே தண்ணீர் களக் களக் என்றது. சரியாகத்தான் சுற்றுகிறது.

இனி வாயைச் சாய்த்துக் கொட்ட வேண்டியதுதான். பின்பக்கச் சாக்கடை ஓரம் குனிந்து நின்று தொண்டைக்குள் விரலை விட்டான். கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கில் தண்ணீர் வந்தது, வாயில் ஒரு மடக்கு கசப்புத் தண்ணீர் வந்தது. கடலை ஒன்றுகூட வரவில்லை. மறுபடி விட்டான். தொண்டைதான் காந்தியது.

"யாரு அங்க?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

"நான்தான். வாய் கொப்பளிக்கிறேன்."

"தண்ணி உள்ள போயிராம கொப்பளிங்க. ரெண்டு வாய்க்கு மேல கூடாதாம்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பெண்டாட்டி வாய்விட்டுச் சிரித்திருப்பாள், இன்னொரு நாள் கேட்டு வாங்கியிருப்பாள், கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் நாற்பத்தாறு வயது ஆள் விடியற்காலையில் கடலை தின்றுவிட்டுத் தரையில் புரண்டதை எந்த வாயால் சொல்வது? ஒன்பது மணிக்குள் கரைந்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு சட்டையை மாட்டினான்.

சட்டியில் சேர்ந்த பணத்தை ஆஸ்பத்திரியில் கட்டினார்கள். மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே ஒரு கட்டில், அதன் இடது பக்கத்தில் டி.வி. மாதிரி ஒரு திரை. தொண்டையில் கசப்பாக எதையோ அடித்தார்கள். நாக்கு தடித்து அடுத்தவன் நாக்கு மாதிரி ஆயிற்று.

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார். "ராத்திரிக்கு அப்புறம் ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்ல சார்."

"தண்ணி?"

"ரெண்டு வாய்."

பொய் கூசாமல் வந்தது. தொண்டைதான் மரத்திருந்ததே.

இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, கடித்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் வளையம் கொடுத்தார்கள். அதன் வழியாகக் கறுப்புக் குழாய் இறங்கியது. குமட்டிக்கொண்டு வந்தது. "மூச்சு விடுங்க, மூச்சு விடுங்க" என்று நர்ஸ் முதுகைத் தடவினாள். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். அவனால் மூட முடியவில்லை. திரை நேர் எதிரே இருந்தது.

அவன் எதிர்பார்த்தது கரி பிடித்த அடுப்புச் சுவரை. சிவப்பு எண்ணெயும் பழைய சோறும் அப்பிக்கிடக்கும் என்று நினைத்தான். திரையில் தெரிந்தது அப்படி இல்லை. ஈரமாக, இளஞ்சிவப்பாக, பச்சைப் பிள்ளையின் ஈறு மாதிரி மினுமினுவென்று ஒரு வழி போய்க்கொண்டே இருந்தது. எங்கும் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. இது தன்னுடையதுதானா என்று அவனுக்குச் சந்தேகமே வந்துவிட்டது. தன் உடம்பில் இவ்வளவு அழகாக ஒன்று இருக்கும் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை.

வழி அகன்றது. குழாய் நின்றது. கலங்கின குட்டை ஒன்று தெரிந்தது. அதில் மிதந்தன, அரையாகவும் காலாகவும், தோலோடும் தோலில்லாமலும். ஒன்று கேமராவின் முகத்துக்கே வந்து, திரை முழுக்கப் பாறாங்கல் மாதிரி நின்றது.

"என்ன இது?" என்றார் டாக்டர்.

நர்ஸ் குனிந்து பார்த்தாள். "கடலை சார்."

"அது தெரியுது."

வாயில் வளையம், தொண்டையில் குழாய். பதில் சொல்ல வழி இல்லை. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தலையணையை நனைத்தது. குழாய் விட்டதால் வந்த தண்ணீர் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள்.

டாக்டர் குழாயைச் சரசரவென்று வெளியே எடுத்தார். கோபத்தில் கத்தவில்லை, மெல்லத்தான் சொன்னார். "ஒண்ணும் பார்க்க முடியலை. இவ்வளவு தண்ணியும் கடலையும் மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிருந்தா உங்க வீட்டம்மா இப்ப அழுதுகிட்டு இருப்பாங்க. நான் கேட்டப்ப ஏன் சொல்லலை?"

அவன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தடித்த நாக்கால், "கழுவலாம்னு சார்" என்றான். டாக்டருக்கு அது விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. குழாய் விட்டாயிற்று, மருந்து அடித்தாயிற்று. கட்டின பணம் கட்டினதுதான். மறுபடி பார்க்க வேண்டுமானால் மறுபடி கட்ட வேண்டும்.

நர்ஸ் வெளியே வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். வீட்டு வாசல் வந்ததும் மனைவி கேட்டாள்.

"டப்பா நிறைய இருந்த கடலை காலைல பாதிதான் இருந்துச்சு, நீங்களா?"

"ம்."

"பசிச்சுதா?"

பசி என்று சொல்லியிருந்தாலாவது மனுஷனாக மதித்திருப்பாள். அவன் நடந்ததைச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. "பதினோரு பேர் கூலிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் வேலைக்குப் போனபோது மெஷினைச் சுற்றிக் கூட்டமே நின்றது. எல்லோருக்கும் கேள்வி இருந்தது. மேஸ்திரி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னப்பா, டாக்டர் என்ன சொல்றாரு?" என்றார்.

எல்லா முகமும் தன்னையே பார்ப்பதை அவன் பார்த்தான். எல்லாம் நானூறு போட்ட முகம்.

"சின்னப் புண்ணுதானாம் மேஸ்திரி. மாத்திரை குடுத்திருக்காங்க. காரம் இல்லாம குழைவா சாப்பிடச் சொன்னாங்க."

"அவ்வளவுதானே. நானூறுக்கு நல்ல சேதி" என்றார் மேஸ்திரி. கொத்தனார்களில் சின்னவன் ஒருவன், வாய்த் துடுக்கு, "உள்ள வேற என்னண்ணே இருந்துச்சு? நாங்க போட்ட சிமெண்ட் கணக்குல குறையற மூட்டை எதாவது?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மெஷின்காரனும் சிரித்தான். சிரித்தபோது வயிறு எரிந்தது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மணல் சலிக்கிற பெரியக்கா என்று ஒருத்தி அந்தக் கூட்டத்தில் உண்டு. அவனைவிட ஐந்தாறு வயது மூத்தவள், பேச்சு குறைவு. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு வேளையில் அவன் முன்னால் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள்.

"என்னக்கா இது?"

"சோறுதான். பால் ஊத்திக் குழைய வச்சேன். உப்பு மட்டும்தான். சாப்பிடு தம்பி."

"எதுக்குக்கா உனக்கு இந்த வேலை?"

"புண்ணு ஆற வேணாமா? உன் வீட்டுக்காரி விடிஞ்சதுமே சலவைக் கடைக்கு வேலைக்கு ஓடணும். அவ எப்பத் தனியா ஆக்குவா?"

அன்றைக்கு வந்த டப்பா தினமும் வந்தது. அவள் எதிரே உட்கார்ந்து, அவன் கடைசிக் கவளம் வரை சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத்தான் தன் டப்பாவைத் திறப்பாள். "இப்ப எப்படி இருக்கு?" என்பாள். "பரவால்லக்கா" என்பான். இல்லாத மருத்துவத்துக்குப் பத்தியச் சோறு. ஒவ்வொரு கவளமும் பொய்யை உருட்டி விழுங்குகிற மாதிரி இறங்கியது. வேண்டாம் என்று சொல்லப் பார்த்தான். "உடம்பு தேறினவுடனே நானே நிறுத்திருவேன்" என்றுவிட்டாள்.

உடம்பு எங்கே தேறியது? முதுகுவலி மாத்திரையை அவன் நிறுத்தவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லையே. ஒரு மாசம் போயிருக்கும். ஒரு மத்தியானம், மெஷினில் சிமெண்ட்டைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தவனுக்குக் கண் இருட்டியது. மணல் குவியல் மேல் குனிந்து வாந்தி எடுத்தான். காபித்தூள் மாதிரி கறுப்பாக வந்தது. சின்னக் கொத்தனார் ஓடிவந்து மெஷினை நிறுத்தினான். மணல் ஏற்றி வந்த வண்டியிலேயே அவனைத் தூக்கிப் போட்டார்கள். மேஸ்திரி முன்னால் ஏறினார். பெரியக்கா பின்னால் ஏறி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேற ஆஸ்பத்திரிக்குப் போலாம் மேஸ்திரி" என்றான் அவன் முனகலாக.

"ஏம்ப்பா? அங்கதானே உன்னை ஏற்கெனவே பார்த்திருக்காங்க. எல்லாம் அவங்க கையில இருக்கும்" என்றார் மேஸ்திரி.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பெரியக்காவின் சேலைத் தலைப்பில் மணல் நெடியும் பால் நெடியும் சேர்ந்து அடித்தது.

தள்ளுகட்டிலில் கொண்டுபோகும்போது அதே நர்ஸ் எதிரே வந்தாள். அவனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை, அவள் சுபாவமே அப்படி.

"அட, கடலைக்காரரா. இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

பெரியக்கா முந்திக்கொண்டாள். "சோறும்மா. நான்தான் குடுத்தேன். குழைவா, காரமில்லாம. டாக்டர் சொன்ன மாதிரியே."

"எந்த டாக்டரு? இவருக்குத்தான் போன தடவை ஒண்ணும் பார்க்கவே முடியலையே. கையளவு கடலையைத் தின்னுட்டு, தண்ணியும் குடிச்சிட்டு வந்துட்டாரு. பாதியிலேயே குழாயை எடுத்துட்டோம். திரும்ப வாங்கன்னோம், வரவே இல்லை."

மேஸ்திரி, "எந்தத் தடவை?" என்றார். கேட்ட கையோடு அவருக்கே கணக்குப் புரிந்துவிட்டது.

மெஷின்காரன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். எழுந்து ஓடுகிற தெம்பு இருந்தால் ஓடியிருப்பான். பெரியக்கா அவனைப் பார்க்கவே இல்லை. அன்றைக்கு மட்டும் அவன் மிச்சம் வைத்திருந்த டப்பா அவள் பையில் இருந்தது. அதை எடுத்தாள், மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தாள், மறுபடி பைக்குள் வைத்தாள். பிறகு மேஸ்திரியிடம், "நான் வேலைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

இந்த முறை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். வாயில் ஒன்றும் கொடுக்கவில்லை, கையில்தான் மருந்து ஏற்றினார்கள். மறுநாள் காலையில் மறுபடி குழாய். அதற்கான பணத்தை மனைவி சலவைக் கடையில் முன்பணமாக வாங்கி வந்திருந்தாள். திரையில் அதே இளஞ்சிவப்பு வழி. கடைசியில் குட்டை இல்லை. பதிலாக, வெந்து போன இடம் மாதிரி ஒரு குழி, அதன் நடுவில் கறுப்பு. "பாருங்க, இதுதான். வெறும் வயித்துல வலி மாத்திரை போட்டுப் போட்டு வந்தது" என்றார் டாக்டர். அன்றைக்கே பார்த்திருந்தால் ரத்தம் போகிற அளவுக்கு வந்திருக்காது என்று அவர் சொல்லவில்லை. அவன் தானாகவே அதைச் சொல்லிக்கொண்டான்.

உடம்பு தேறித் திரும்பவும் வேலைக்குப் போன காலையில் யார் என்ன சொல்வார்களோ என்று மெஷினுக்குப் பின்னாலேயே நின்றான். யாரும் திட்டவில்லை. மேஸ்திரி மட்டும் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இந்தக் கூட்டத்துல கூலியைக் குடிச்சவன் உண்டு, சீட்டாடினவன் உண்டு. பதினோரு பேர் கூலியை ஒரே கைப்பிடியில மென்னு தின்னவன் நீ ஒருத்தன்தாம்ப்பா."

டிரம்மைக் கழுவுகிற மாதிரி வயிற்றைக் கழுவப் பார்த்ததை மெஷின்காரன் ஒப்புக்கொண்டான்.

"அண்ணே, ஜல்லி என்ன சைஸு? அரை இஞ்சா, முக்கால் இஞ்சா?" என்றான் சின்னக் கொத்தனார்.

"கால் இஞ்சு இருக்கும்" என்றான் மெஷின்காரன் தலையைத் தூக்காமல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து மெஷின் அண்ணன் என்ற பெயர் போய்க் கடலை அண்ணன் ஆயிற்று. அதை அவன் ஏற்றுக்கொண்டான். அவர்கள் சிரித்தது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. சிரித்தவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுப்பது சுலபமாக இருந்தது. சனிக்கிழமைக்கு ஒருவராக, கூலி வாங்கின கையோடு நானூறை நீட்டினான். "இருக்கட்டும்ண்ணே, மருந்துக்கு வை" என்பார்கள். அவன் கேட்க மாட்டான், சட்டைப் பையில் திணித்துவிடுவான்.

பெரியக்கா சிரிக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை.

அவளிடம் முதல் வாரமே போனான். சல்லடையை ஆட்டிக்கொண்டிருந்தாள். மணல் பொழிந்துகொண்டிருந்தது.

"அக்கா, உன் நானூறு."

"வேணாம்."

"தப்புதான்க்கா."

"காசு போனா போகட்டும், இன்னொரு நாள் உழைச்சா வரும்." சல்லடை நிற்கவில்லை. "எங்க வீட்டுக்கு ஒரு உலை, உனக்கு ஒரு உலைன்னு வச்சேன். மருமக கேட்டா, யாருக்கு இந்தப் பால் சோறுன்னு. உடம்பு சரியில்லாத மனுசனுக்குன்னு சொன்னேன். நீ என் முகத்தைப் பார்த்து, பரவால்லக்கா பரவால்லக்கான்னு தின்னே. ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்ல?"

"கூச்சமா இருந்துச்சுக்கா."

"தின்ன கூச்சமில்லையா?"

அவன் காசோடு நின்றுகொண்டே இருந்தான். மேலே மணல் தூசி படிந்ததும் திரும்பி வந்தான்.

பத்துப் பேருக்கும் கொடுத்து முடித்தான். பெரியக்காவின் நானூறு மட்டும் சட்டைப் பையிலேயே கிடந்தது. தினமும் எடுத்து வைத்துக்கொண்டு வருவான், தினமும் அப்படியே கொண்டுபோவான். அவளுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் வேறு யாரையாவது கேட்பாள். மத்தியானம் வேறு மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவாள். மேஸ்திரி ஒரு தடவை, "வாங்கித் தொலையேன், அவன் மூஞ்சியைப் பார்க்க முடியலை" என்றார். "அவன் மூஞ்சியை நான் எதுக்குப் பார்க்கணும்?" என்றாள் அவள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து எல்லோரும் கை கால் கழுவப் போன நேரம். அவன் டிரம்மில் ஜல்லியும் தண்ணீரும் போட்டுச் சுற்றவிட்டிருந்தான். கடகடவென்ற சத்தத்தில் பெரியக்கா பக்கத்தில் வந்து நின்றது தெரியவில்லை.

"அந்தக் குழாய் விட்டா ரொம்ப வலிக்குமா?" என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான். எனக்கும் இங்க எரியுது. அதே டாக்டரு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காரு. மேஸ்திரிகிட்ட சொல்லலை. எனக்காக யாரும் சட்டி வைக்க வேணாம்."

"வலி இல்லைக்கா. குமட்டும். மூச்சை விட்டுகிட்டே இருந்தா அடங்கிரும்."

அவள் இன்னும் நின்றாள். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். சத்தத்துக்கு மேலே கேட்கிற அளவுக்கு மட்டும் குரலை உயர்த்தினாள்.

"பல்லைக் கழட்டச் சொல்வாங்களாமே?"

"எந்தப் பல்லை?"

"மேல முன்பல்லு நாலும் கட்டின பல்லு. மாட்டிக் கழட்டறது. மருமகளுக்குக்கூடத் தெரியாது. தெரியாத ஆம்பளைங்க முன்னாடி பொக்கை வாயோட எப்படிப் படுக்கறது? கழட்டாமலே போயிரலாமான்னு பார்க்கறேன். கேட்டா இல்லைன்னு சொல்லிரலாம்ல?"

மெஷின்காரன் மெஷினை நிறுத்தினான். டிரம் இரண்டு சுற்று தானாகச் சுற்றி நின்றது. நிறுத்தின பிறகு வந்த அமைதியில் பேசத்தான் அவனுக்கு அதிகக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் பேசினான்.

"சொல்லாதேக்கா. கேட்டதுக்கு இல்லைன்னு சொல்லிராதே. நான் அப்படிச் சொல்லித்தான் பட்டேன் பாரு."

பிறகு யாரிடமும் முழுசாகச் சொல்லாததை அவளிடம் சொன்னான். டாக்டர் நாற்காலியைத் தள்ளினதை, கறிக்குழம்பை, தரையில் புரண்டதை, சாக்கடை ஓரம் விரல் விட்டு நின்றதை, திரையில் வந்து நின்ற கடலையை. மற்றவர்களுக்குச் சொன்னபோது சிரிப்புக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தான். இப்போது கூட்டவில்லை. சொல்லச் சொல்லக் காது மடல் சுட்டது.

"உள்ள அழுக்கா இருக்கும்னு பயந்துதான்க்கா அப்படிப் பண்ணேன். அங்க ஒரு அழுக்கும் இல்லை. நான் போட்ட கடலைதான் அழுக்கு. உனக்கு அரிசிச் சோறு கொஞ்சம், இல்லைன்னா ரொட்டி. முந்தின ராத்திரி எட்டு மணிக்குள்ள முடிச்சிரு. அப்புறம் ஒண்ணும் கிடையாது. காலைல ஆறு மணிக்கு முன்னாடி வெறும் தண்ணி ரெண்டு வாய். பல்லு தேய்க்கலாம், தண்ணியைத் துப்பிரணும். எதையும் கழுவறேன்னு ஆரம்பிச்சிராதே."

பெரியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தாள். "தரையில புரண்டியா?" என்றாள். "அந்தப் பக்கம் ரெண்டு, இந்தப் பக்கம் ரெண்டா?"

"ஆமாக்கா."

சிரித்து முடித்ததும் முகம் பழையபடி ஆயிற்று. "கூட யாராவது வரணுமாம். மருமகளைக் கூட்டிட்டுப் போக முடியாது. பல்லை யாரு கையில குடுக்கறது?"

அவன் பையில் இருந்த நானூறை எடுத்தான். அவள் அதைப் பார்த்துவிட்டு, "அதை உள்ள வை. நீ வர்றியா, மாட்டியா?" என்றாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில், கதவுக்கு வெளியே, அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு பல்லைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி அவன் கையில் வைத்தாள். வாயைத் திறக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அவன் அதைக் கீழே வைக்காமல், பையில் போடாமல், இரண்டு கையாலும் மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவளுக்கு வெறும் வீக்கம்தான், புண் இல்லை. பத்து நாள் மாத்திரை கொடுத்தார்கள்.

சனிக்கிழமை கூலி கொடுத்து முடித்ததும் மேஸ்திரி மெஷின்காரனைப் பார்த்தார். "உன் கணக்குல பெரியக்கா காசு ஒண்ணுதானே நிக்குது?"

அவன் பையில் கையை விடுவதற்குள் அவள் சொன்னாள்: "இல்லையே. அந்த நானூறைத் தம்பி வியாழக்கிழமையே குடுத்துருச்சு."

"எனக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரிஞ்சா போதாதா?"

"அப்ப தீந்துது" என்றார் மேஸ்திரி. "நாலாயிரத்து நானூறும் தீந்துது."

"பெரியக்காவுக்கு எதுலண்ணே குடுத்தீங்க, கடலையாவா?" என்றான் சின்னக் கொத்தனார். எல்லோரும் சிரித்தார்கள். பெரியக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் தனக்காகப் பொய் சொன்னதும், அது தான் சொன்ன பொய் மாதிரி இல்லை என்பதும் மெஷின்காரனுக்குத் தெரிந்தது. சட்டைப் பையில் அந்த நானூறு அப்படியே இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் அவன் நின்றான்.